மகுடம் சூடிய மறுநாள்: பட்டம் வென்றவளுக்கு ஒரு வேலைக் கையேடு

உலக அழகியோ, பிரபஞ்ச அழகியோ, எந்தப் பட்டத்தை வென்றிருந்தாலும் சரி, மறுநாள் விடியும் முன்பே உன் அறைக் கதவைத் தட்டுவார்கள். முதலில் ஒப்பனைக் கலைஞர் வருவார். அவர் பின்னாலேயே கையில் கோப்புடன் இன்னொருவர் வருவார். உன் முகத்தில் பூச்சு ஏறிக்கொண்டிருக்கும்போதே, "இதில் மட்டும் ஒரு கையெழுத்து" என்பார். பேனாவை வாங்கி மேசைமேல் வைத்துவிடு. படித்துவிட்டுத் தருகிறேன் என்று சிரித்த முகத்தோடு சொல். இங்கே நான் எழுதப்போவதில் வேறு எதுவும் உனக்கு நினைவில் நிற்காவிட்டாலும் இது நிற்க வேண்டும்.

பட்டம் வென்ற பெண்களுக்குத் துணையாக ஊர் ஊராகப் போவது பல ஆண்டுகள் என் பிழைப்பாக இருந்தது. விமான டிக்கெட், விசா, மகுடப் பெட்டி, தலைவலி மாத்திரை, வேண்டாத விருந்தாளி எல்லாம் என் பொறுப்பு. இதை ஒரு காலவரையறையுள்ள உத்தியோகமாக எடுத்துக்கொண்ட பெண்கள் உடம்பும் மனமும் கெடாமல் வெளியே வந்தார்கள். உலகமே தனக்காகக் காத்திருந்தது என்று நம்பியவர்கள் கடைசி மாதங்களில் ஹோட்டல் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்கள். அதனால் புதிதாக வேலைக்குச் சேரும் பெண்ணிடம் பேசுவதைப் போலத்தான் உன்னிடம் பேசப்போகிறேன். நீ, வா, போ என்றுதான் வரும். அரசி என்று அழைக்க ஊரே இருக்கிறது.

ஒப்பந்தம்

போட்டிக்கு வரும்போதே ஒரு தாளில் கையெழுத்திட்டிருப்பாய். வென்றவளுக்கு வருவது வேறு, அதைவிடத் தடித்தது. உனக்கென்று ஒரு வழக்கறிஞர் வேண்டும். அமைப்பின் வழக்கறிஞர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அவருக்குச் சம்பளம் கொடுப்பது அமைப்புதான்.

முதலில் காலத்தைப் பார். எல்லோரும் ஓராண்டு என்பார்கள். தாளில் "அடுத்த வெற்றியாளர் தேர்ந்தெடுக்கப்படும்வரை" என்று இருக்கலாம். 2019 டிசம்பரில் உலக அழகியான ஜமைக்காவின் டோனி ஆன் சிங், பெருந்தொற்றால் போட்டிகள் தள்ளிப்போனதால் 2022 மார்ச் வரை பட்டத்தைச் சுமந்தார். அதே பெருந்தொற்றால் 2021 மே மாதத்தில் பிரபஞ்ச அழகியான மெக்சிகோவின் ஆண்ட்ரியா மேசாவுக்குக் கிடைத்ததோ ஏழு மாதம். டிசம்பரில் ஹர்னாஸ் சந்துவின் தலையில் மகுடத்தை வைத்துவிட்டு அவர் போக வேண்டியதாயிற்று. காலம் நீண்டால் சம்பளமும் தங்குமிடமும் நீளுமா? நடுவில் விட்ட படிப்புக்குத் திரும்ப முடியுமா? காலம் சுருங்கினால் பேசிய பரிசுப் பணம் குறையாமல் வருமா? இவற்றுக்குப் பதில் எழுத்தில் இருக்க வேண்டும். "அதெல்லாம் பார்த்துக்கொள்வோம்" என்பதை எந்த நீதிமன்றத்திலும் காட்ட முடியாது.

அடுத்து, உன்னை எப்படி வெளியேற்றலாம் என்ற பகுதி. ஏறக்குறைய எல்லா ஒப்பந்தங்களிலும் நடத்தை குறித்து ஒரு விதி உண்டு. பட்டத்துக்கு இழுக்கு வரும்படி நடந்தால் பறிக்கலாம் என்று பொத்தாம் பொதுவாக எழுதியிருப்பார்கள். 1973இல் உலக அழகியான அமெரிக்காவின் மார்ஜோரி வாலஸ் யாருடன் பழகுகிறார் என்ற செய்திகள் பத்திரிகைகளில் நிரம்பி வழிந்ததும், சில மாதங்களிலேயே பட்டம் பறிபோயிற்று. அடுத்த ஆண்டு வென்ற பிரிட்டனின் ஹெலன் மோர்கன் மணமாகாத தாய் என்று பத்திரிகைகள் துருவத் தொடங்கியதும் நான்கே நாளில் அவராக விலகினார். 2002இல் பிரபஞ்ச அழகியான ரஷ்யாவின் ஒக்ஸானா ஃபெதரோவா கடமைகளைச் செய்யவில்லை என்றது அமைப்பு. நானே விலகினேன், எனக்குப் படிப்பு முக்கியம் என்றார் அவர். மீதிக் காலத்தை முதல் துணை அழகியான பனாமாவின் ஜஸ்டின் பாசெக் நிறைவு செய்தார். இந்த வரலாறெல்லாம் உன்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. எது இழுக்கு, அதை யார் முடிவு செய்வார், முடிவுக்கு முன் உன் தரப்பைக் கேட்பார்களா, பறித்தால் அதுவரை உழைத்த மாதங்களுக்குப் பணம் உண்டா என்று கேட்டு எழுதி வாங்கு. உடல் எடை பற்றி ஒரு வரி இருந்தால் அதை அடிக்கச் சொல். அடிக்க மறுப்பவர்களிடம் இன்னும் என்னென்ன விதிகள் இருக்கும் என்று யோசித்துக்கொள்.

மூன்றாவது, உன் முகம். பட்டக் காலத்தில் எடுத்த படங்களை அதன் பிறகு எத்தனை ஆண்டு விளம்பரத்தில் போடலாம்? பட்டம் முடிந்த பின் உனக்குக் கிடைக்கும் வாய்ப்புகளில் அமைப்புக்குக் கமிஷன் உண்டா, எத்தனை ஆண்டுக்கு? பட்டத்தின் பெயரில் இயங்கும் சமூக ஊடகக் கணக்கு அமைப்புடையது. உன் பெயரில் இருப்பது உன்னுடையது. இரண்டையும் ஒரே தொலைபேசி எண்ணில் பதியவிடாதே. உன் கணக்கின் கடவுச்சொல்லை "வசதிக்காக" யாராவது கேட்டால், உதவியாளராக இணைத்துக்கொள்ளும் வசதி அந்தச் செயலியிலேயே இருக்கிறது என்று சொல்லிக் காட்டு.

மகுடமும் பட்டியும்

2002 முதல் 2007 வரை பிரபஞ்ச அழகிகள் அணிந்த, ஜப்பானிய முத்து நகை நிறுவனமான மிகிமோட்டோவின் மகுடத்தில் 500 வைரங்களும் 120 முத்துகளும் பதித்திருந்தார்கள். மதிப்பு இரண்டரை லட்சம் டாலர் என்று சொன்னார்கள். அப்படிப்பட்ட மகுடம் மேடையைத் தாண்டி அதிகம் வெளியே வராது. உன்னோடு ஊர் சுற்றுவது பெரும்பாலும் அதன் நகல். நகலாக இருந்தாலும் பயண விதிகள் மாறுவதில்லை.

மகுடம் கைச் சாமானில்தான் போக வேண்டும். உள்ளே நுரை வைத்த கடினமான பெட்டியில் வைத்து, காலடியில், முன் இருக்கைக்குக் கீழே வை. தலைக்குமேல் தட்டில் வைத்தால் யாரோ ஒருவர் தன் பையைத் திணிக்கும் சத்தத்தை வழியெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாய். பாதுகாப்புச் சோதனையில் எக்ஸ்ரே திரையில் அதன் முட்கள் விசித்திரமாகத் தெரியும், திறக்கச் சொல்வார்கள். தனி அறையில் திறக்கிறேன் என்று கேள். வரிசையிலேயே திறந்தால் படம் எடுக்க ஒருவர் வருவார், பிறகு முப்பது பேர் வருவார்கள், விமானம் போய்விடும். அசல் நகையாக இருந்தால் ஏடிஏ கார்னெட் என்ற சுங்க ஆவணம் கூடவே வர வேண்டும். விற்பதற்காக அல்ல, திருப்பிக் கொண்டுபோவதற்காகவே எடுத்து வந்தது என்று ஒவ்வொரு நாட்டிலும் சொல்லும் தாள் அது. நுழையும்போதும் வெளியேறும்போதும் முத்திரை வாங்கினாயா என்று நீயே பார். ஒரு முத்திரை விட்டுப்போனால் அந்த நாட்டில் நகையை விற்றுவிட்டதாகக் கணக்கு வைத்துத் தீர்வை கேட்பார்கள். கார்னெட் அதிகபட்சம் ஓராண்டுக்குத்தான் செல்லும்.

மகுடத்தைத் தலையில் நிறுத்துவது தனி வித்தை. ஒப்பனைக் கலைஞர் எல்லா ஊரிலும் கிடைக்கமாட்டார், அதனால் நீயே கற்றுக்கொள். நெற்றி முடிக்கோட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஒரு காதின் மேலிருந்து மறு காதின் மேல்வரை, தலைத்தோலோடு ஒட்டினாற்போல மெல்லிய பின்னல் போடு. அந்த இடத்தில் முன்கூட்டியே எண்ணெய் வைக்காதே, வழுக்கும். பின்னலை மேல் முடியால் மறைத்துவிடலாம். மகுடத்தின் அடியில் இருக்கும் சீப்புப் பற்கள் அந்தப் பின்னலில்தான் இறங்க வேண்டும். வெறும் முடியில் இறங்கினால் மாலைக்குள் மூக்குக்கு வந்துவிடும். அடியில் சின்ன வளையங்கள் இருக்கும். ஒவ்வொரு வளையத்திலும் இரண்டு ஊசிகளை ஒன்றையொன்று குறுக்கே வெட்டும்படி செருகு. பிறகு குனி, நிமிர், பலமாகச் சிரி. ஆடவில்லை என்றால் சரி. மகுடத்தின் இரு முனைகளும் காதுக்குப் பின்னால் எலும்பை அழுத்தும், தலைவலி அங்கிருந்துதான் கிளம்பும். முனைகளில் தோல் நிறத்துப் பஞ்சுத் துண்டு ஒட்டு. இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே காரில் ஏறியவுடன் கழற்றிவிட வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலிலேயே எழுதச் சொல். கழற்றும்போது எத்தனை ஊசி செருகினாயோ அத்தனையும் வெளியே வந்ததா என்று எண்ணு. ஒன்று உள்ளே தங்கினால் தலையணையில் தலை வைக்கும்போது தெரியும்.

தோளில் குறுக்கே அணியும் பட்டியைச் சின்ன ஊக்கால் தோளின் உட்புறம் குத்திக்கொள். எழுத்துகள்மேல் இஸ்திரிப் பெட்டி படக்கூடாது, நீராவி காட்டினால் போதும். மடித்தால் கோடு விழும், சுருட்டி வை. தொலைக்காட்சிப் பேட்டியில் மார்பில் மாட்டும் மைக் பட்டிக்கு அடியில் போனால் நீ மூச்சு விடும்போதெல்லாம் சரசரவென்று சத்தம் வரும். ஒலிப்பதிவாளர் கவனிக்காவிட்டாலும் நீ கவனித்துச் சொல். அந்த ஒரு சொல்லுக்காக அந்தக் குழு முழுவதும் உன்னை மதிக்கும்.

பாஸ்போர்ட்

மகுடத்துக்கு எல்லாக் கதவும் திறக்கும் என்று நினைக்காதே. குடியேற்ற அதிகாரி பார்ப்பது பாஸ்போர்ட்டைத்தான். பல நாடுகள் உள்ளே நுழையும் தேதியிலிருந்து ஆறு மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும் என்கின்றன. போட்டிக்குக் கிளம்பும் முன்பே, வெற்றி தோல்வியை நினைக்காமல், அதிகப் பக்கங்கள் உள்ள புத்தகமாகப் புதுப்பித்துக்கொள். ஒரே சமயத்தில் இரண்டு தூதரகங்களில் விசா கேட்க வேண்டிய நிலை வரும். சில நாடுகள் தம் குடிமக்களுக்குத் தகுந்த காரணம் இருந்தால் இரண்டாவது பாஸ்போர்ட் தருகின்றன. உன் நாடு தருமா என்று கேள்.

விளம்பரதாரருக்காக மேடை ஏறுவதும் படப்பிடிப்பில் நிற்பதும் பல நாடுகளில் வேலை. அதைச் சுற்றுலா விசாவில் செய்யச் சொன்னால் மறு. உன் முகம் ஊரெல்லாம் சுவரொட்டியில் இருக்கும், மாட்டிக்கொள்வது சுலபம்.

உடம்பு

1996இல் பிரபஞ்ச அழகியான வெனிசுவேலாவின் அலிசியா மச்சாடோ எடை கூடினார் என்பதற்காக, அவர் உடற்பயிற்சி செய்வதைப் பார்க்கப் பத்திரிகையாளர்களை அழைத்துக் கூட்டம் கூட்டினார்கள். இருபதைத் தாண்டாத பெண். ஹர்னாஸ் சந்துவை வெல்லும் முன் ஒல்லி என்று கேலி செய்தவர்கள் வென்ற பின் குண்டு என்று கேலி செய்தார்கள். தனக்கு சீலியாக் நோய் இருக்கிறது, கோதுமையில் உள்ள குளூட்டன் தன் உடலுக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவர் பொதுவெளியில் விளக்க வேண்டிவந்தது. உன் உடம்பு பற்றிய விளக்கம் யாருக்கும் கடன் இல்லை. விளக்க விரும்பினால் நோயின் பெயரைச் சொல், மன்னிப்புக் கேட்காதே.

நடைமுறைக்கு வருகிறேன். கிழக்கு நோக்கிப் பறந்தால் தூக்கம் அதிகம் கெடும். தாண்டும் ஒவ்வொரு நேர மண்டலத்துக்கும் ஏறக்குறைய ஒரு நாள் என்று உடம்பு கணக்குப் போடும். உன் நிகழ்ச்சி நிரலைத் தயாரிப்பவர் அந்தக் கணக்கை அறியமாட்டார். நீண்ட பயணத்துக்கு மறுநாள் காலையில் நேரலைப் பேட்டி வேண்டாம் என்று தொடக்கத்திலேயே ஒரு விதி வைத்துக்கொள். விமானத்தில் இறுக்கமான காலுறை போடு. குதிகால் செருப்பு ஒரு ஜோடியாவது அரை அளவு பெரியதாக இருக்கட்டும். இறங்கும்போது கால் வீங்கியிருக்கும், கேமரா வாசலிலேயே நிற்கும். ஒட்டு இமை வைக்கும் பசை புதிதாக மாறினால் முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் தடவிப் பார். கண் வீங்கினால் நிகழ்ச்சியை ரத்து செய்யலாம், கண்ணை ரத்து செய்ய முடியாது.

உன் படத்துக்குக் கீழே வரும் கருத்துகளை நீ படிக்காதே. மிரட்டல், முகவரி, பின்தொடரும் ஆள் போன்றவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துச் சொல்ல வேறொருவரை வை. மீதி எதுவும் உன் காதுக்கு வரத் தேவையில்லை, புகழ்ச்சி உட்பட. தூக்கம் தொலைந்து இரண்டு வாரம் ஆனால் மனநல மருத்துவரிடம் போ. அதற்கான நேரத்தை நிரலில் "பல் மருத்துவர்" என்று போட்டுக்கொண்ட பெண்ணை எனக்குத் தெரியும். அவள் புத்திசாலி. ஆனால் அப்படி ஒளிக்க வேண்டியிருந்தது என்பது அவளுடைய தவறு இல்லை.

வாய்

இறுதிச் சுற்றில் பதில் சொல்ல நொடிகள்தான் இருந்தன. இப்போது ஓராண்டு முழுக்கக் கேட்பார்கள், கேட்பவர்களில் பாதிப் பேர் உன் பதிலுக்காகக் கேட்கமாட்டார்கள், சிக்குகிறாயா என்று பார்ப்பார்கள். தெரியாத விஷயத்தில் "இதை நான் இன்னும் படிக்கவில்லை, படித்துவிட்டுப் பேசுகிறேன்" என்பது முழுமையான பதில். அதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தால் அதுதான் தலைப்புச் செய்தி.

படமும் பேச்சுதான். 2017 பிரபஞ்ச அழகிப் போட்டியின்போது ஈராக் அழகி சாரா இடானும் இஸ்ரேல் அழகி அடார் கண்டெல்ஸ்மனும் சேர்ந்து ஒரு செல்ஃபி எடுத்து வெளியிட்டார்கள். மிரட்டல்கள் வந்து, சாராவின் குடும்பம் ஈராக்கை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. 2021இல் பாங்காக் மேடையில் தன் நாட்டு ராணுவ ஆட்சிக்கு எதிராகப் பேசிய மியான்மர் அழகி ஹான் லே ஊர் திரும்ப முடியாமல் கடைசியில் கனடாவில் அடைக்கலம் பெற்றார். பேசியதற்காக இவர்கள் வருந்த வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஹான் லே தெரிந்தே பேசினார். அதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. ஆனால் நீ பேசும் முன் வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல். விலையை அவர்களும் சேர்ந்தல்லவா கொடுக்கப்போகிறார்கள்?

மறுப்பது எப்படி

இந்த வேலையில் என் பெரும்பகுதி நேரம் போனது இதில்தான். ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் அமைப்பாளரின் நண்பர் ஒருவர் வருவார். அவருக்கு வேண்டிய பெரியவர் ஒருவர் சின்ன விருந்து வைத்திருக்கிறார், பத்து நிமிடம் வந்தால் போதும் என்பார். ஒரு பரிசும் காத்திருக்கிறது என்பார். வண்டி வெளியே நிற்கும்.

விதி எளியது. நிரலில் எழுதாத எந்த இடத்துக்கும் நீ போவதில்லை. நிரலில் எழுதிய இடத்துக்கும் துணையில்லாமல் போவதில்லை. மறுப்பைச் சொல்வது உன் வேலை இல்லை, துணைக்கு வருபவரின் வேலை. "எனக்கு ஆசைதான், ஆனால் இவர் அனுமதிக்கமாட்டார்" என்று என்னைக் கைகாட்டச் சொல்லித்தான் எல்லோருக்கும் பழக்கினேன். பலர் என்னை ராட்சசி என்றார்கள். அந்தப் பெயருக்குத்தான் எனக்குச் சம்பளம். நமக்குள் ஒரு சைகை வைத்துக்கொள்வோம்: காதணியைத் தொட்டால் உடனே கிளம்ப வேண்டும் என்று பொருள். காரணத்தைக் காரில் ஏறிய பின் பேசிக்கொள்ளலாம். அமைப்பு உன்னைத் துணையில்லாமல் அனுப்புகிறது என்றால் அந்தப் பயணத்தை மறு. துணைக்குச் செலவு கட்டாது என்று சொல்லும் அமைப்பு ஆபத்து வந்தால் வழக்குக்கும் செலவு செய்யாது.

அறை தரைத்தளத்தில் வேண்டாம். வரவேற்பு மேசையில் அறை எண்ணைச் சத்தமாகச் சொன்னால் அறையை மாற்றிக் கேள். ஓர் இடத்தில் எடுத்த படத்தை அந்த இடத்தைவிட்டுக் கிளம்பிய பிறகே வெளியிடு.

அவமதிப்பவர்கள் எல்லோரும் வெளியாட்களாக இருக்கமாட்டார்கள். 2025 நவம்பரில் தாய்லாந்தில் நடந்த பிரபஞ்ச அழகிப் போட்டியின் தொடக்க நிகழ்ச்சி ஒன்றில், மெக்சிகோவின் ஃபாத்திமா போஷை ஏற்பாட்டாளர் ஒருவர் எல்லோர் முன்னாலும் கடிந்து பேசினார். ஃபாத்திமா எழுந்து வெளியே நடந்தார், பல போட்டியாளர்கள் பின்னாலேயே நடந்தார்கள். அதே மாதம் அவரே வென்றார். குரலை உயர்த்தவில்லை, கதவை நோக்கி நடந்தார், அவ்வளவுதான்.

தொண்டு

உலக அழகிப் போட்டியில் 1972இலிருந்து 'நோக்கமுள்ள அழகு' என்ற பெயரில் தொண்டுப் பிரிவு இருக்கிறது. அந்தப் போட்டியின் அமைப்பாளர் ஜூலியா மார்லி தொடங்கியது. ஆகவே மருத்துவமனை, பள்ளி, முகாம் என்று நிறையப் போவாய். இதில் இரண்டு வகைப் பெண்களைப் பார்த்திருக்கிறேன். போன இடங்களின் எண்ணிக்கையைச் சொல்பவர்கள் ஒரு வகை. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையாக இரு. சொந்த வாழ்க்கையில் வேர் உள்ள ஒன்றை எடுத்துக்கொண்டால் பேச்சு எழுதித்தர ஆள் தேவைப்படாது. 2025இல் உலக அழகியான தாய்லாந்தின் ஓபல் சுசாதா பதினாறு வயதில் தன் மார்பில் கட்டி கண்டவர். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வையே தன் பணியாக எடுத்துக்கொண்டார். 2017இல் வென்ற மானுஷி சில்லர் மருத்துவ மாணவி. மாதவிடாய்ச் சுகாதாரத்தைத் தேர்ந்தெடுத்தார்.

குழந்தைகள் வார்டுக்குள் வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதே, கீமோ சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்குக் குமட்டும். மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் கை கழுவு. குழந்தையின் கண் மட்டத்துக்கு உட்கார். மகுடத்தைத் தொட்டுப் பார்க்க அது ஆசைப்படும். அதற்காகத்தான் நகல் இருக்கிறது, கழற்றிக் கொடு. படம் எடுக்கும் முன் பெற்றோரிடம் கேள், அவர்கள் சம்மதித்தாலும் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் கேமராவை இறக்கச் சொல். அன்றைக்குப் படம் இல்லாவிட்டால் அலுவலகத்தில் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

துணியும் பணமும்

அலமாரி நிறைய உடை இருக்கும். பெரும்பாலும் இரவல். எந்த உடை யாருடையது, எப்போது வந்தது, எப்போது திரும்ப வேண்டும் என்று புகைப்படத்தோடு ஒரு நோட்டு வைத்துக்கொள். வந்த அன்றே ஏற்கெனவே உள்ள கறையையும் கிழிசலையும் படம் எடு. பரிசு என்று வாயால் சொன்ன நகைக்கு, பரிசு என்று எழுத்தில் வாங்கு.

பரிசுப் பணம் தவணையாக வருமா, மொத்தமாகவா என்று கேள். நீ வேலை செய்யும் நாட்டிலும் உன் நாட்டிலும் வரி கட்ட வேண்டி வரலாம். பொருளாக வந்த பரிசுக்கும் வரி இருக்கலாம். நியூயார்க்கில் வீடு, பயிற்சியாளர், சிகையலங்காரம் என்று அறிவிப்பில் வருவதெல்லாம் பணமாக உன் கையில் வருவதில்லை. கையில் வருவதில் ஒரு பங்கை நீ தொடாத கணக்கில் போட்டுவிடு.

இறங்குவது

பாதிக் காலம் கடந்ததும் அடுத்த வேலையைத் தேடத் தொடங்கு. உன்னைத் தேடி அழைப்புகள் வருவது அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். அடுத்தவள் வென்ற இரவிலிருந்து தொலைபேசி வேறு பக்கம் அடிக்கும். எல்லோரும் திரைப்படத்துக்குத்தான் போவார்கள் என்று பிறர் எதிர்பார்ப்பார்கள். 1966இல் உலக அழகியான ரீட்டா ஃபரியா, ஆசியாவிலிருந்து அந்தப் பட்டத்தை வென்ற முதல் பெண், ஓராண்டு முடிந்ததும் நடிப்பையும் மாடலிங்கையும் வேண்டாம் என்று சொல்லி மருத்துவப் படிப்பைத் தொடர்ந்து மருத்துவரானார். என் துணையோடு பயணம் செய்தவர்களிடம் அவர் கதையைத்தான் முதலில் சொல்வேன். நடிப்பைக் குறை சொல்வதற்காக அல்ல. போகும் இடத்தைத் தானே முடிவு செய்து வைத்திருந்தார் என்பதற்காக.

கடைசி வாரத்தில் செய்ய வேண்டியவை இவை. இரவல் உடைகள் எல்லாவற்றையும் திருப்பி, ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்கு. தங்கியிருந்த வீட்டின் ஒவ்வோர் அறையையும் வீடியோ எடு. உன் பாஸ்போர்ட்டும் கல்விச் சான்றிதழ்களும் அலுவலக அலமாரியில் இருந்தால் இன்றே கேட்டு வாங்கு. நியாயமாகப் பார்த்தால் அவை அங்கே போயிருக்கவே கூடாது. உன் கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்று. உனக்கு வர வேண்டிய பாக்கி எவ்வளவு, எந்தத் தேதியில் வரும், உன் படங்களை எதுவரை பயன்படுத்துவார்கள் என்று பொறுப்பில் உள்ளவர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் கேள். அதைப் பட்டமளிப்பு இரவுக்கு முன்பே கேட்க வேண்டும். புதியவளுக்கு மகுடம் சூட்ட நீ மேடைக்கு வர வேண்டும் என்ற தேவை அவர்களுக்கு அதுவரைதான் இருக்கும்.